பேராசிரியர் உரைகளை எப்படிக் கேட்பது?

சென்னைத் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் 2016-ல் ‘சயின்ஸ் அட் தி சபா’ என்றொரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. இடம், மியூசிக் அகாடமி அரங்கு. வெவ்வேறு துறை ஆய்வாளர்கள் ஒரே நாளில், ஒரே மேடையில், பொதுமக்களுக்காக அடுத்தடுத்துப் பேசினார்கள். அமெரிக்காவில் ‘ஒன் டே யூனிவர்சிட்டி’ என்ற அமைப்பு இதே போன்ற நாட்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பல நகரங்களில் நடத்தியது. தேர்வு கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, பட்டமும் கிடையாது. ஆர்வம் ஒன்றே தகுதி. இப்படிப்பட்ட நாளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தகவல் தேடி வருகிறார்கள். கருந்துளை எத்தனை பெரியது, மூளையில் எத்தனை நரம்பணுக்கள், எந்த அரசன் எந்த ஆண்டு. மாலையில் வெளியே வரும்போது அவற்றில் பாதி கலைந்துபோயிருக்கும். நாள் வீணாகிவிட்டதோ என்று தோன்றும். ஆனால் அந்த மேடையில் கிடைத்த அரிய பொருள் வேறு. கச்சேரிக்குப் போகிற ரசிகர் கல்யாணி ராகத்தின் ஆரோகண அவரோகணத்தைத் தெரிந்துகொள்ளவா போகிறார்? பாடகர் எந்தச் சுரத்தில் நிற்கிறார், அங்கிருந்து அடுத்த இடத்துக்கு எந்த வழியாகப் போகிறார் என்று கேட்கப் போகிறார். பேராசிரியரின் உரையிலும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியது இந்த நகர்வுக்குத்தான்: கையில் இருக்கும் சான்றிலிருந்து அவர் முடிவுக்குப் போகும் வழி. உரை முழுவதும் மனத்தில் வைத்திருக்க ஒரே ஒரு கேள்வி போதும். இது இவருக்கு எப்படித் தெரிந்தது?

இந்தக் கேள்வியை மையமாக வைத்து உரை அமைப்பதில் மைக்கேல் ஃபாரடேயை மிஞ்சியவர்கள் குறைவு. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் 1799-ல் நிறுவப்பட்டது. அங்கே 1825-ல் கிறிஸ்துமஸ் உரைகள் தொடங்கின. இளையவர்களுக்கென்று அறிவிக்கப்பட்ட அந்த உரைகளை ஃபாரடே பலமுறை நிகழ்த்தினார். 1860-61 குளிர்காலத்தில் அவர் ஆற்றிய ஆறு உரைகளுக்கும் பொருள் ஒரு மெழுகுவத்தி. மெழுகு ஆவியாகித்தான் எரிகிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். மாறாக, வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் நடுவே இருக்கும் இருண்ட பகுதியில் வைத்து, மறுமுனையில் வெளிவந்த ஆவியைப் பற்றவைத்துக் காட்டினார். குழாயின் நுனியில் இன்னொரு சுடர் எரிந்தது. மெழுகுவத்தி எரியும்போது தண்ணீர் உண்டாகிறது என்பதைச் சொல்ல, பனிக்கட்டி நிரப்பிய பாத்திரத்தைச் சுடருக்கு மேலே பிடித்தார். அடியில் துளி திரண்டது. அது தண்ணீர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? பொட்டாசியத் துண்டை அதில் பட வைத்தார். ஊதா நிறத்தில் தீப்பற்றியது. ஒவ்வொரு கூற்றுக்குப் பின்னாலும் ஒரு சோதனை, அந்தச் சோதனையின் மீதும் ஒரு சந்தேகம், அதைத் தீர்க்க இன்னொரு சோதனை. ஒரு மணி நேரத்தில் எந்தத் துறையையும் ஆழமாகச் சொல்ல முடியாது என்று குறைப்படுகிறவர்களுக்கு இந்த மெழுகுவத்தியே பதில். பொருள் குறுகக் குறுக ஆழம் கூடும். ஆகவே நிகழ்ச்சி நிரலைப் பார்க்கும்போது ‘நேற்று, இன்று, நாளை’ பாணியில் ஒரு துறையையே அள்ளித் தருவதாகச் சொல்லும் தலைப்புகளைவிட, ஒரே ஒரு புதிரைக் கையில் எடுத்திருக்கும் தலைப்பை நம்பலாம்.

ஒரே உரையை மட்டும் கேட்டுவிட்டு வருவதைவிட ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதில் ஏன் கூடுதல் சுவை? ‘எப்படித் தெரிந்தது’ என்ற கேள்விக்குத் துறைக்குத் துறை பதிலின் வடிவமே மாறுகிறது. மூன்று துறைகளை எடுத்துக்கொள்வோம். முதலில் பொது சுகாதாரம். 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அங்கிருந்த தண்ணீர்ப் பம்புதான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ சந்தேகித்தார். பம்பைச் சுற்றி மரணங்கள் குவிந்திருந்தன என்பது மட்டும் போதாது. கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று நம்பியவர்களும் அதே குவியலைத் தங்கள் சான்றாகக் காட்ட முடியும். ஸ்னோவின் வாதத்துக்கு வலு சேர்த்தவை விதிவிலக்குகள். பம்புக்கு அருகிலேயே இருந்த பீர் ஆலையின் தொழிலாளர்கள் காலராவில் சாகவில்லை. அவர்கள் பீர் குடித்தார்கள், ஆலைக்கும் சொந்தக் கிணறு இருந்தது. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் வசித்த ஒரு மூதாட்டி இறந்தார். பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அதைத் தினமும் தருவித்துக் குடித்தவர் அவர். தெருவின் காற்றைச் சுவாசித்தவர்கள் பிழைத்தார்கள், அந்தக் காற்றே படாதவர் இறந்தார். இங்கே கேட்பவர் கவனிக்க வேண்டிய இடம் இந்தத் திருப்பம்தான்.

அடுத்து கல்வெட்டியல். தமிழ்நாட்டுக் குகைகளில் உள்ள பிராமிக் கல்வெட்டுகளைப் பிராகிருதமாகப் படிக்க முயன்ற காலம் ஒன்று இருந்தது. அவை தமிழ் என்று 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் வாதிட்டார். ழ, ற, ன போன்ற தமிழ் ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் அங்கே இருந்தன. வடமொழிகளுக்கு வேண்டிய வர்க்க எழுத்துகள் பெரும்பாலும் இல்லை. இருப்பதும் இல்லாததும் சேர்ந்து ஒரே திசையைக் காட்டின. 1965-ல் ஐராவதம் மகாதேவன் புகளூர்க் கல்வெட்டில் சேர மரபின் மூன்று தலைமுறைப் பெயர்களைப் படித்தார். அவை சங்க இலக்கியம் சொல்லும் சேரர்களோடு பொருந்தின. இதைச் சோதனைக்கூடத்தில் மறுபடி செய்து பார்க்க முடியாது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள், ஒரு பாறையும் ஒரு பாட்டும், ஒரே செய்தியைச் சொல்கின்றன என்பதே இங்கே நிரூபணத்தின் பலம்.

மூன்றாவதாகக் கணிதம். ஓர் எண் வரைக்கும் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைத் தோராயமாகச் சொல்லும் ஒரு சூத்திரம் உண்டு. கணக்கிட்டுப் பார்த்த இடத்திலெல்லாம் அது உண்மையான எண்ணிக்கையைவிடச் சற்றே கூட்டிச் சொன்னது. வேறெந்தத் துறையாக இருந்தாலும் இத்தனை சான்று கிடைத்தபின் விதியாக எழுதி வைத்திருப்பார்கள். ராமானுஜனோடு கேம்பிரிட்ஜில் இருந்த கணிதர் லிட்டில்வுட், இந்த நிலை என்றும் நீடிக்காது, முடிவில்லாத முறை தலைகீழாக மாறும் என்று 1914-ல் நிறுவினார். முதல் மாற்றம் நிகழும் எண்ணை எண்ணிப் பார்த்துக் கண்டவர் இன்றுவரை யாரும் இல்லை. அது அவ்வளவு தொலைவில் இருக்கிறது. மருத்துவருக்குச் சில விதிவிலக்குகள் போதுமாக இருந்தன. கல்வெட்டறிஞருக்கு இரண்டு சாட்சிகள் ஒத்துப்போவது போதுமாக இருந்தது. கணிதருக்கோ கோடி சான்றுகளும் போதவில்லை. இந்த மூன்றையும் ஒரே பகலில் கேட்டவருக்கு, நிரூபணம் என்ற சொல் மேடைக்கு மேடை வேறு வேறு எடையோடு வருவது புரியும். செய்தித்தாளில் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று படிக்கும்போது எந்த வகையில் என்று கேட்கவும் தோன்றும். எனவே தனக்குப் பிடித்த துறையின் உரைக்கு மட்டும் வந்து எழுந்துபோவது பெரிய இழப்பு. வானியலுக்காக வந்தவர் கல்வெட்டுக்கும் உட்கார வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உரை என்பது கற்பிக்கும் முறைகளிலேயே பலவீனமானது என்கிறார்கள் கல்வி ஆய்வாளர்கள். ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் 2014-ல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாணவர்களே செய்து கற்கும் வகுப்புகளோடு ஒப்பிட்டால், உரை மட்டும் கேட்ட அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் தோல்விக்கான வாய்ப்பு ஒன்றரை மடங்கு. 1970-ல் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனை இன்னும் கலங்க வைக்கிறது. ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று அறிமுகப்படுத்தி, கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவக் கல்வியில் பயன்படுத்துவது பற்றிப் பேச வைத்தார்கள். அவருடைய பேச்சில் முன்னுக்குப்பின் முரண்களும் பொருளற்ற சொற்களும் நிறைந்திருந்தன. கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், கல்வியாளர்கள். உரை நன்றாக இருந்தது என்றே பெரும்பாலும் மதிப்பெண் போட்டார்கள். நாடகத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நாவன்மை, கற்றுக்கொண்டோம் என்ற உணர்வைக் கற்றல் இல்லாமலேயே தந்துவிடும்.

இந்த மறுப்பை ஒதுக்கித் தள்ளக் கூடாது. தேர்வுக்குத் தயாராகிறவருக்கு உரை மட்டும் போதாது என்பது உண்மை. ஆனால் அந்த ஆய்வுகள் காட்டும் குறை, சும்மா உட்கார்ந்து கேட்பதன் குறை. அதைக் கேட்பவரே சரிசெய்துகொள்ள முடியும். டாக்டர் ஃபாக்ஸின் அரங்கில் ஒருவராவது ‘இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது, ஓர் உதாரணம் சொல்லுங்கள்’ என்று விடாமல் கேட்டிருந்தால் நடிகர் திணறியிருக்கக்கூடும். கேட்பவரின் முதல் வேலை உரைக்கு முன்பே இருக்கிறது. தலைப்பைப் பார்த்து, விடை என்னவாக இருக்கும் என்று தனக்குத் தோன்றுவதை இரண்டு வரி எழுதி வைக்கலாம். ஊகம் தவறாகப் போகும் இடத்தில்தான் பேச்சாளரின் சான்று உறைக்கும். உரை நடக்கும்போது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள முயல்கிறவர் வாதத்தைத் தவறவிடுவார். பேச்சாளர் எடுத்துக்கொண்ட புதிர், அவர் எதிர்க்கும் பழைய கருத்து, அதைச் சாய்த்த சான்று ஆகியவை தாளில் இருந்தால் போதும். அதைவிட முக்கியம் இடைவேளை. காபிக்கு வரிசையில் நிற்பதற்கு முன், குறிப்பை மூடிவைத்துவிட்டு, வாதத்தை நினைவிலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும். திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து மீட்பது பல நாட்களுக்குப் பின்னும் பாடத்தை நிலைநிறுத்துகிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் காட்டினார்கள். எங்கே எழுத முடியாமல் நின்றுபோகிறதோ, அங்கே நமக்குப் புரியவில்லை, அல்லது பேச்சாளர் ஒரு படியைத் தாண்டிவிட்டார். இரண்டில் எது என்று யோசிப்பதே அந்த இடைவேளையின் இன்பம். 1812-ல் புத்தகக் கட்டுநராகப் பயிற்சியில் இருந்த ஃபாரடே, வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகள் நான்கைக் கேட்டுக் குறிப்பெடுத்து, பிறகு விரிவாக எழுதிப் படமும் வரைந்து தன் கையாலேயே கட்டுப்போட்டு டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. கேட்டதைத் திரும்ப எழுதியதில்தான் அவருடைய படிப்பு நடந்தது.

இன்னொரு மறுப்பு: யூடியூபில் எல்லாம் கிடைக்கும்போது அரங்குக்கு ஏன் போக வேண்டும்? பதிவில் நிறுத்தி நிதானித்துக் கேட்க முடிகிறது; வாதத்தைப் பின்தொடர அது உண்மையிலேயே நல்ல வசதி. அரங்கில் கேட்ட உரையை ஒரு வாரம் கழித்துப் பதிவாகவும் கேட்கலாம். ஆனால் வீட்டில் நாம் விரும்புவதையே தேர்ந்தெடுக்கிறோம், தளமும் அதையே மேலும் மேலும் நீட்டுகிறது. கருந்துளை பார்த்தவருக்கு அடுத்ததும் கருந்துளைதான், கல்வெட்டு வராது. நாள் முழுவதும் அரங்கில் இருப்பதால் வரும் களைப்பும் உண்மை. நான்கு உரைகளை முழுக் கவனத்தோடு கேட்பது யாருக்கும் கடினம். ஒன்றை விட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டு வருவதில் குற்றமில்லை. நான்கையும் அரைக் காதோடு கேட்பதைவிட மேல்.

பதிவில் எந்த வழியிலும் கிடைக்காதது நாமே கேள்வி கேட்கும் நேரம். நம் ஊர் அரங்குகளில் அது பெரும்பாலும் வீணாகிறது. ஒருவர் எழுந்து தன் கருத்தையே ஐந்து நிமிடம் பேசிவிட்டு உட்காருகிறார்; இன்னொருவர் உரையிலேயே சொல்லப்பட்ட தகவலைத் திரும்பக் கேட்கிறார். ஒரே ஒரு வாய்ப்பு கிடைத்தால், ‘என்ன கிடைத்திருந்தால் நீங்கள் இந்த முடிவைக் கைவிட்டிருப்பீர்கள்?’ என்று கேட்கலாம். நல்ல ஆய்வாளர் அதற்கு முன்பே விடை வைத்திருப்பார், அந்த விடை உரையில் சொன்ன பலவற்றைவிடச் சுவையாகவும் இருக்கும். மைக் கைக்கு வராவிட்டால், உரை முடிந்து மேடையருகே நிற்பவரிடம் போய், இதில் உங்களோடு உடன்படாதவர் யார், அவர் எழுதியதில் எதைப் படிக்கலாம் என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். பேச்சாளரின் சொந்த நூலுக்கு முன்னால் அதைப் படிப்பது நல்லது.