மூன்று பேரும் இரண்டு சைக்கிளும்

ஜெரோம் கே. ஜெரோமின் படகுக் கதையைப் பற்றி வாசகருக்கு நான் அறிமுகம் செய்துவைக்கத் தேவையில்லை. 1889இல் வெளிவந்தது, இன்னும் படிக்கிறார்கள், இன்னும் சிரிக்கிறார்கள். அதே மூன்று பேரை வைத்துக்கொண்டு 1900இல் அவர் இன்னொரு புத்தகம் எழுதினார். ‘த்ரீ மென் ஆன் தி பம்மல்’ என்று பெயர். பம்மல் என்றதும் நமக்குச் சம்பந்த முதலியார்தான் ஞாபகத்துக்கு வருகிறார். ஆனால் இது ஜெர்மன் சொல். முடிவு என்று ஒன்று இல்லாத, போகிற போக்கில் போகிற உலாத்தல் என்று பொருள்; குறித்த நாளுக்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. இந்த விளக்கத்தை ஆசிரியர் புத்தகத்தின் கடைசியில்தான் சொல்கிறார்.

முதல் புத்தகத்துக்கு இது ஈடாகாது என்பது விமரிசகர்களின் பொதுவான அபிப்பிராயம். அங்கே தேம்ஸ் நதி இருந்தது. கதை எங்கே அலைந்தாலும் நதி அதை இழுத்துப் பிடித்துக் கொண்டது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. மூன்று பேருக்கு ஒரு தனிச் சைக்கிள், இருவர் முன்னும் பின்னுமாக ஏறி மிதிக்கும் சைக்கிள் ஒன்று, கொஞ்சம் ரயில். பாதிக்கு மேல் புத்தகம் ஓடிய பிறகுதான், பாடன் நகரிலிருந்து, சக்கரங்கள் ஒழுங்காக உருளத் தொடங்குகின்றன. இதெல்லாம் சரியான குறைகள்தான். இருந்தாலும் இரண்டில் ஒன்றைத் திரும்பப் படிக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

முதல் காரணம், சைக்கிளைப் பற்றி இவ்வளவு உண்மையாக யாரும் எழுதியதில்லை. ஒரு நண்பர் வருகிறார். வண்டியைத் தொட்டுப் பார்க்கிறார், ஆட்டிப் பார்க்கிறார், ஏதோ சரியில்லை என்கிறார். அடுத்த நிமிஷம் முன் சக்கரம் கழன்று கிடக்கிறது. உள்ளே இருந்த பால்ஸ் குண்டுகள் பாதையெங்கும் உருண்டு ஓடுகின்றன. சொந்தக்காரர் மண்டியிட்டுப் பொறுக்கித் தம் தொப்பியில் போட்டுக்கொள்கிறார். பிறகு சங்கிலி: முதலில் அசையாதபடி இறுக்குகிறார், பிறகு முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்கு தளர்த்துகிறார். அந்த நண்பர் கெட்டவர் அல்ல. கைகளில் மசியும் முகத்தில் வியர்வையுமாக, வாழ்க்கையில் இதைவிட ஆனந்தம் இல்லை என்பதுபோல் உழைக்கிறார். சைக்கிளைப் பிரித்துப் பார்ப்பது ஒரு சுகம், ஓட்டுவது வேறு சுகம், இரண்டையும் ஒருவர் அனுபவிக்க முடியாது என்று ஆசிரியர் முடிவு கட்டுகிறார். இந்த நண்பரைத் தம் தெருவில் சந்தித்திராத வாசகர் இருக்க முடியாது.

விளம்பரப் படங்களைப் பற்றிய பகுதி இன்னும் நன்றாக இருக்கிறது. அந்தக் காலத்துச் சைக்கிள் விளம்பரங்களில் மெல்லிய உடுப்பு அணிந்த பெண் ஒருத்தி மேகத்தில் மிதப்பதுபோல் வண்டியில் போவாள். யாரும் மிதிப்பதே கிடையாது. மேடு, எதிர்க்காற்று, முதுகுவலி எதுவும் அங்கே கிடையாது. கேலிக்காக எழுதினாலும் விடுமுறை வியாபாரத்தின் அடிநாதத்தையே அவர் பிடித்துவிட்டார். இன்று மின்சாரச் சைக்கிளில் ஏறி, பெட்டிகளை முன்கூட்டியே அடுத்த விடுதிக்கு வேனில் அனுப்பிவிட்டுத் திராட்சை நாட்டைச் சுற்றி வருகிறார்கள். படத்தில் இருந்த பெண் மெய்யாகிவிட்டாள் என்றே சொல்லலாம்.

நான் குறை சொல்ல விரும்புவதும் இந்தத் திராட்சை நாட்டைப் பற்றித்தான். கருங்காட்டில் சுற்றிய மூவரும் ரைன் நதிக்கு மேற்கே, வோஜ் மலையடிவாரத்தில் இருக்கும் பார் என்ற சிற்றூர் வரை வருகிறார்கள். அல்ஸாஸ் மாகாணம் அது. மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. சரிவின் காலடியில் மரச்சட்டமிட்ட வீடுகளும் மதிலும் மணிக்கூண்டுமாக வரிசையாகக் கிராமங்கள். ஜெரோம் பார்க்கிறார், ரஸிக்கிறார், வழி தப்புகிறார், சாப்பாட்டைத் தேடுகிறார். அந்தக் கொடிக்குச் சொந்தக்காரன் என்ன ஆனான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் நிறையத் தெரிந்திருக்கும். 1871இல் பிரான்ஸ் தோற்றதும் அந்த மண் ஜெர்மனிக்குப் போயிற்று. பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறவர்கள் 1872 அக்டோபர் முதல் தேதிக்குள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு. இருந்தவர்கள் கொடிகளோடு இருந்தார்கள். அவர்கள் பிழிந்த ஒயினுக்குத் தன் பெயர் கிடைக்கவில்லை. மற்ற ஜெர்மன் ஒயின்களோடு கலக்கிற மலிவுச் சரக்காகப் போயிற்று. தரத்தை விட்டு, அதிகம் காய்க்கிற வகைகளை நடத் தொடங்கினார்கள். ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர் என்று இன்று சுற்றுலாக்காரர் நாவில் உருட்டும் பெயர்களுக்கு மறுபடி மதிப்பு வர 1918க்குப் பிறகு பல வருஷங்கள் பிடித்தன. நம் மூன்று பேர் சைக்கிளில் போனது அந்தத் தாழ்ந்த காலத்தின் நடுவில்.

நாவலாசிரியனிடம் சரித்திரம் கேட்கலாமா என்று வாசகர் நினைக்கலாம். நான் சரித்திரம் கேட்கவில்லை. சைக்கிளில் போகிறவனுக்கு ரயில் பிரயாணிக்கு இல்லாத ஒரு சலுகை உண்டு; நினைத்த இடத்தில் காலை ஊன்றலாம், வேலி ஓரம் நிற்பவனிடம் ஒரு பேச்சுக் கொடுக்கலாம். ஜெரோம் அந்தச் சலுகையை விடுதிக்காரர்களிடமும் போலீஸ்காரர்களிடமும் மட்டுமே செலவழித்துவிட்டார். கருங்காட்டுக் குடியானவன் வீட்டில் இரவு தங்கி, விடியுமுன்பே ஆடு மாடு கோழிகளோடு விழித்துக்கொள்ளும் ஒரு பகுதி இருக்கிறது. அதைப்போல் இன்னும் இரண்டு இருந்திருந்தால் இந்தக் குறையை எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் போலீஸ்காரர்களிடம் செலவழித்தது வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென் ஜெர்மனியில் பாதையோரங்களில் பழமரங்களை நட்டிருக்கிறார்கள், காவல் இல்லை, ஒரு பையனும் கை வைப்பதில்லை. இங்கிலாந்தில் இப்படி இருந்தால் குழந்தைகள் தின்று தின்றே காலராவில் போய்விடுவார்கள் என்கிறார். சிரிக்கிறோம். புல்லில் நடக்காதே, இந்தப் பக்கம் ஏறாதே என்று பலகைகள். அவற்றுக்கு மனமுவந்து பணிகிற ஜனங்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் இந்தச் சிரிப்பு சேர்ந்துகொண்டே வருகிறது. மாணவர்கள் முகத்தைக் கிழித்துக்கொள்ளும் வாள் சண்டையை நேரில் பார்த்து எழுதிய இடத்தில் ஹாஸ்யம் அடியோடு நின்றுவிடுகிறது. வெறுப்பு மட்டும் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில், இவர்களுக்கு இதுவரை நல்ல ஆட்சி வாய்த்திருக்கிறது, ஆளுகிற யந்திரத்தில் கோளாறு வந்தால் அன்றைக்குத்தான் கஷ்டம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். 1900இல் எழுதிய வாக்கியம் அது. தீர்க்கதரிசி வேஷம் போட்டுக் கொள்ளாமல் எழுதியதால்தான் அது பலித்தது என்று எனக்குப் படுகிறது.

பலித்த விதத்தை அந்தத் திராட்சைக் கிராமங்களிலேயே பார்க்கலாம். 1940இல் அல்ஸாஸ் மறுபடி ஜெர்மனியின் கைக்குப் போயிற்று. 1942 ஆகஸ்டிலிருந்து அங்கத்துப் பையன்களை ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்த்தார்கள். பக்கத்து மோஸெலையும் சேர்த்துச் சுமார் 1,30,000 பேர். 1944-45 குளிர்காலச் சண்டையில் பென்விர், அம்மர்ஷ்விர், ஸிகோல்ஸைம் முதலிய ஊர்கள் இடிந்தும் எரிந்தும் போயின. சில மைல் தொலைவில் இருக்கும் ரிக்விர் தப்பியது. 1953இல் மார்லன்ஹைமிலிருந்து தான் வரை, சுமார் 170 கிலோமீட்டருக்கு, ‘ஒயின் பாதை’ என்று வழி அமைத்தார்கள். அதில் சைக்கிளில் போகிறவர் ரிக்விரில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்; புதுக் கட்டடங்களாக இருக்கும் பென்விரில் பார்க்க ஒன்றுமில்லை என்று மிதித்துப் போய்விடுகிறார்.

ஜெரோம் அப்படி மிதித்துப் போய்விடுகிற ஜாதியைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிட முடியாது. ஐம்பது வயது தாண்டிய பிறகு, ராணுவம் வேண்டாம் என்று தள்ளிய மனிதர், முதல் உலக யுத்தத்தில் பிரெஞ்சுப் படையோடு போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார். அந்த அனுபவத்துக்குப் பிறகு ஒரு தடவை பார் ஊரைப் பற்றி எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எழுதவில்லை. 1926இல் வந்த சுயசரிதையும் இந்தப் பசியைத் தீர்க்காது.

புதிதாகப் படிக்க எடுக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் இரண்டு அத்தியாயங்களில் மனைவிமாரிடம் அனுமதி வாங்கும் விவகாரம் நீளம்தான்; அவசரமாகத் தாண்டலாம். மூன்றாவதில் சைக்கிளைப் பிரிக்கிற இடம் வந்துவிடும். பிறகு யாரும் சிபாரிசு செய்ய வேண்டியிராது.