மஞ்சட் சுவர்த்தாளும் வைத்தியரின் ஆணையும்

இலக்கியம் சமுதாயத்தின் விளைபொருள் என்பதை ஏற்போர்க்கு, சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1892 இல் வெளியிட்ட ‘மஞ்சட் சுவர்த்தாள்’ என்ற சிறுகதை தனிக் கவனத்துக்குரியதாகும். அண்மையிற் பிள்ளை பெற்று மனநலங் குன்றிய ஒருத்தியை, வைத்தியனான கணவன் ஓய்வு என்னும் பெயரால் மாளிகையொன்றின் மேன்மாடி அறையில் இருத்துகிறான். எழுதுவதும் அவளுக்கு விலக்கப்படுகிறது. சுவர்த்தாளின் கோலங்களுக்குப் பின்னே ஒரு பெண் சிறைப்பட்டிருப்பதாக அவள் காணத் தொடங்குகிறாள். ஈற்றில் தாளைக் கிழித்தெறிந்து தரையில் ஊர்கிறாள்.

இது வெறுங் கற்பனையன்று. 1885 இல் மகளைப் பெற்றபின் கில்மன் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். 1887 இல் அவருக்குச் சிகிச்சை செய்த பிலடெல்பியா நரம்பு வைத்தியர் சைலஸ் வியர் மிச்சல், இல்லற வாழ்வோடு அமைந்திருக்குமாறும் இனிப் பேனாவைத் தொடாதிருக்குமாறும் பணித்தார். அவ்வாணைக்கு அடங்கியதனாலேயே சித்தம் முற்றாகச் சிதையும் எல்லைக்குச் சென்றதாகக் கில்மன் 1913 இல் எழுதினார். ஆகவே இக்கதையை ஒரு சிகிச்சை முறைக்கு எதிரான குற்றப்பத்திரிகை என்றே நாம் கொள்ளலாம்.

கதையின் வலிமை யாது? கணவன் கொடியவனல்லன், அன்புடையவன். எனினும் அவ்வன்பே அவளது சொல்லைச் செல்லாக் காசாக்குகிறது. தன் நோயைப் பற்றி அவள் கூறுவதனைத்தும் நோயின் குறியாகவே கணிக்கப்படுகிறது. குற்றத்தைத் தனிமனிதன்மீது சுமத்தாது, குடும்பமும் மருத்துவமும் இணைந்த ஓர் அமைப்பின்மீது சுமத்தியமையே ஆசிரியரின் வெற்றி எனலாம்.

ஆயினும் குறையொன்றைச் சுட்டாதிருத்தல் நேர்மையாகாது. குழந்தையை நன்கு பார்த்துக்கொள்ளும் மேரி என்ற பெண் கதையிற் பெயரளவிலேயே வந்து மறைகிறாள். எசமானிக்கு ஓய்வு கட்டளையிடப்படுவது மேரியின் உழைப்பினாலேயே சாத்தியமாகிறது. மேரி பிள்ளை பெற்று மனம் பேதலித்தால் அவளுக்கு அளிக்கப்படுவது யாது என்ற வினா கில்மனுக்கு எழவில்லை. அவரது நடுத்தர வர்க்கப் பார்வையின் எல்லை இதுவாகும்.

1973 இல் இக்கதை மறுபதிப்பாகப் பெண்விடுதலை இயக்கத்தின் கைக்கு வந்தது. அதன்பின் விமரிசகர் சிலர் இறுதிக் காட்சியை விடுதலையின் குறியீடாகப் போற்றினர். இக்கருத்து நமக்கு உடன்பாடன்று. பித்தத்தை விடுதலையென வாழ்த்துவது, நோயுற்ற தாயை இரண்டாம் முறையும் கேளாதொழிவதாகும். கில்மனே தமக்கு மாயத்தோற்றங்கள் ஏற்பட்டதில்லை எனத் தெளிவாகக் கூறியுள்ளார்.

கதையை நோயின் பாடநூலாகக் கொள்ளலும் தவறு. கதையில் பித்தம் ஒரு கோடைகாலம் முழுவதும் மெல்ல முற்றுகிறது. உண்மை வாழ்விற் பிரசவத்துக்குப் பிந்திய மனப்பிறழ்வு, ஆயிரம் பிரசவங்களில் ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதலிரு வாரங்களுக்குள் சடுதியாகத் தோன்றுகிறது. உறக்கமின்மை, குழப்பம், பொய்யான நம்பிக்கைகள், இல்லாதனவற்றைக் காணலும் கேட்டலும் அதன் குறிகள். தாயின் உயிருக்கோ சேயின் உயிருக்கோ ஊறு நேரலாம். ஆதலின் இது அன்றைக்கன்றே வைத்தியசாலையை நாடவேண்டிய அவசர நோயாகும். தக்க சிகிச்சை கிடைப்பின் பெரும்பாலோர் குணமடைகின்றனர். இருதுருவ மனநோய் முன்பே உள்ளவர்க்கு அபாயம் மிகுதி. கருவுற்ற காலத்திலேயே அதை வினவியறிந்தால் முன்னேற்பாடு செய்ய முடியும்.

பிரித்தானியாவில் தாயையும் சேயையும் பிரிக்காது ஒருங்கே வைத்துப் பராமரிக்கும் சிறப்புப் பிரிவுகள் உள்ளன. கில்மனின் கதைக்கு வரலாறு அளித்த விடைகளில் இதுவும் ஒன்றாகும். மாளிகையின் மேன்மாடி அறையுமன்றி, தனித்துப் பூட்டிய பைத்தியசாலையுமன்றி, மேரிக்கும் எசமானிக்கும் ஒப்பத் திறந்திருக்கும் பொதுச் சிகிச்சை எங்கும் வேண்டும். அதனைக் கோரும் குரலாக இக்கதையை வாசிப்பதும், மாணவர்க்கு அவ்வாறே கற்பிப்பதும் நம்மனோர் கடனாகும்.