தலைகீழாய் நிற்கும் ஓக்

இங்கிலாந்தின் பழைய மரச்சட்ட வீடு என்றதும் வெள்ளைச் சுவரில் கன்னங்கரேலென்று கட்டைகள் ஓடும் காலண்டர் படம்தான் நினைவுக்கு வரும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். ஓக் மரத்தைச் சும்மா விட்டால் வெயிலும் மழையும் பட்டு வெள்ளிச் சாம்பலாக வெளிறிவிடும். பூச்சுப் போடாத பேலீஃப் பண்ணை வீட்டை எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான்.

வெஸ்ட் சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரில், வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது இந்த வீடு. கூடம் 1405க்கும் 1430க்கும் இடையில் எழுந்தது என்று மரத்தின் வளையங்களை வைத்துக் கணித்திருக்கிறார்கள். மேல்கோடிப் பகுதி 1505-10 வாக்கில் வந்தது.

முகப்பைப் பாருங்கள். இரு கோடியிலும் மாடி முன்னால் பிதுங்கி நிற்க, நடுக்கூடம் உள்வாங்கியிருக்கிறது. கூரையோ ஒரே நேர்கோடு. அதனால் நடுவில் இறவாரம் அந்தரத்தில் தொங்கவேண்டும். இரு பக்கத்திலிருந்தும் வளைந்து வந்து அதைத் தாங்குகின்றன இரண்டு கட்டைகள். இப்படிப்பட்ட கட்டைகளை யாரும் வளைப்பதில்லை. வளைந்து வளர்ந்த மரமாகத் தேடிப் பிடிப்பார்கள். ஒரே மரத்தை நடுவே பிளந்தால் இடமும் வலமும் கண்ணாடி பார்த்ததுபோல் அமையும்.

தூண்களில் இன்னொரு சாமர்த்தியம். உச்சியில் தூணும் சுவரின் மேல்கட்டையும் குறுக்கு விட்டமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அத்தனையையும் செருக அங்கே பருமன் வேண்டும். மரம் பருத்திருப்பதோ அடியில். தச்சர்கள் அலட்டிக்கொள்ளவில்லை, வேர்ப்பக்கம் மேலே வரும்படி மரத்தைக் கவிழ்த்து நட்டுவிட்டார்கள்!

ஓக்கைப் பச்சையாகவே இழைப்பார்கள். காய்ந்தால் உளி இறங்காது. ஒரு கட்டையின் முனையை நாக்காகச் செதுக்கி, மற்றதன் துளையில் நுழைத்து, மர ஆணி அடிப்பது முறை. நாக்கிலுள்ள ஆணித்துளையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதில்தான் நுட்பம். ஆணி வளைந்து நெளிந்து இறங்கும்போதே இரண்டு கட்டைகளையும் இறுக்கி இழுத்துவிடும். தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்தபின், எதற்கு எது ஜோடி என்று உளியால் கோடு கிழிப்பார்கள். ரோமன் எண்தான், ஆனால் நான்குக்கு நான்கு கோடு.

இப்படிக் கட்டியதைப் பிரிக்கவும் முடியும். கென்ட்டில் சிடிங்ஸ்டன் அருகே இருந்த இந்த வீட்டை, பவ் பீச் நீர்த்தேக்கத்துக்காக 1960களின் இறுதியில் காலி செய்யவேண்டியதாயிற்று. கட்டை கட்டையாகக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மறுபடி பூட்டினார்கள்.

வசதி பற்றிக் கேட்காதீர்கள். ஜன்னலில் கண்ணாடி கிடையாது. ஓக் கம்பிகளும் மரக்கதவும்தான். வெளிச்சம் வேண்டுமா, கதகதப்பு வேண்டுமா, ஏதாவது ஒன்று. கூடத்துக்கு மச்சு இல்லை, புகைபோக்கியும் இல்லை. நடுத்தரையில் எரிந்த தீயின் புகை நேரே கூரைக்கு ஏறி, கிடைத்த இடுக்கில் வெளியேறியது. அண்ணாந்தால் கைமரங்களில் அந்தக் கரி தெரிகிறது. அருங்காட்சியகத்தார் இப்போதும் அவ்வப்போது அங்கே தீ மூட்டுகிறார்கள். பழைய கரியின் மேல் புதுக்கரி படிந்துகொண்டிருக்கிறது.