மின்னல் அடிக்கும் சீழ்க்கை

முதல் உலகப் போரில் எதிரிகளின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்ட ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் பார்க்ஹௌசன் காதில் பேச்சோடு ஒரு சீழ்க்கையும் விழுந்தது. உச்சத்தில் தொடங்கி, வழுக்கிக்கொண்டே கீழே இறங்கும் "பியூ...". 1919-இல் அதைப் பற்றி எழுதினார். முடிச்சை அவிழ்த்தவர் கேம்பிரிட்ஜின் ஓவன் ஸ்டோரி, 1953-இல். காரணம், மின்னல்!

மின்னல் வெட்டும்போது பல அதிர்வெண்களில் ரேடியோ அலைகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. அந்த அலைகளில் ஒரு பங்கு பூமியின் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உயரம் ஏறி, மறு அரைக்கோளத்தில் இறங்குகிறது. வழியெங்கும் காந்தப்புலத்தில் கட்டுண்ட பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த வாயு. அதில் உயர்ந்த சுருதி முந்தும், தாழ்ந்தது பிந்தும். கண்ணிமைக்கும் நேரத்து வெடிப்பு, ஓரிரு விநாடி நீளும் கமகமாக வந்து சேர்கிறது.

அந்த இழுவையை அளந்தே, செயற்கைக்கோள் ஒன்றுகூடப் பறக்காத காலத்தில், அத்தனை உயரத்திலும் எலக்ட்ரான்கள் இருப்பதை ஸ்டோரி கண்டுகொண்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ராக்கெட் செலவே இல்லை!

இதன் உறவுக்கார அலை 'கோரஸ்'. அது பெரும்பாலும் கீழிருந்து மேலேறும் கீச்சொலி. இங்கே அலை எலக்ட்ரான்களைச் சிறைபிடிக்கிறது. சிறைப்பட்டவை அலையையே ஊட்டி வளர்க்கின்றன. இந்த வளர்ச்சிக்கு நேர்விகிதக் கணக்கெல்லாம் செல்லாது. மாறாக, சில எலக்ட்ரான்கள் அலையிடமிருந்தே ஆற்றல் பெற்று ஒளியின் வேகத்தை நெருங்கி, செயற்கைக்கோள்களுக்கு எமனாகின்றன.

நாசா 2012-இல் ஏவிய வான் ஆலன் விண்கலங்கள் பதிவுசெய்த கோரஸ் இணையத்தில் கிடைக்கிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.