ஊக்கு

பங்க் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஊக்கில்தான் தொடங்குகிறார்கள். 1976-77இல் லண்டன் இளைஞர்கள் கிழிந்த சட்டையில் ஊக்கு மாட்டிக்கொண்டார்கள், அது கலகம் என்று. எங்க தெருவுல கிழிஞ்ச சட்டைக்கு ஊக்கு குத்தாம பள்ளிக்கூடம் போனவங்க யாரு? அத யாரும் கலகம்னு எழுதல. இந்த எரிச்சலோடுதான் அந்தப் பாட்டுகளைக் கேட்க உட்கார்ந்தேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மூணு கார்டு தெரிந்தால் மேடையேறலாம் என்ற துணிச்சலைக் கொடுத்தது பங்க். குரு வேண்டாம், பரம்பரை வேண்டாம். சங்கீதத்துக்கு வாசல்காவல் போட்டிருக்கும் நாட்டில் பிறந்தவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தக் கூட்டம் யாருடையது? செக்ஸ் பிஸ்டல்ஸின் சிட் விஷியஸ் ஸ்வஸ்திகா பனியன் போட்டுத் திரிந்தார். பெரியவங்கள அதிரவைக்கத்தானாம். அதே வருஷங்களில் நேஷனல் ஃபிரன்ட் என்ற இனவெறிக் கட்சி லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனது. பனியனைக் கழற்றினால் சிட் வெறும் வெள்ளைக்காரப் பையன். தோலைக் கழற்ற முடியாதவனுக்கு அந்தச் சின்னம் விளையாட்டா? நம்மூரிலும் சிற்றேட்டு நண்பர்கள் சிலர் தாடி வளர்த்துக்கொண்டு தங்களை விளிம்பு என்று சொல்லிக்கொண்டார்கள். சொல்லி முடித்ததும் ஊர்த்தெரு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். அமெரிக்க விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ், தான் கொண்டாடிய பங்க் கூட்டத்துக்குள் இருந்த நிறவெறியை 1979இல் கண்டித்து எழுதினார். தன்னையும் அதில் விட்டுவைக்கவில்லை. அந்த நேர்மை இங்கே அரிது.

என்னை உட்காரவைத்தது பாலி ஸ்டைரீன். சோமாலிய அப்பா, வெள்ளைக்கார அம்மா. தனக்குத்தானே வைத்துக்கொண்டது பிளாஸ்டிக்கின் பெயர். பல்லில் கம்பி. 1976இல் ஹேஸ்டிங்ஸில் செக்ஸ் பிஸ்டல்ஸ் கச்சேரியைக் கேட்டுவிட்டு, ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவைச் சேர்த்தார். இருக்கிற கூட்டத்தில் இடம் கேட்கவில்லை, கவனியுங்கள். அழகாகப் பாடவும் முயலவில்லை. குரல் தகரத்தைக் கிழிக்கிறது, பக்கத்தில் சாக்ஸபோன் சண்டைக்கு வருகிறது.

கறுப்பர்களின் ப்ளூஸை வாசித்தே பேர் வாங்கிய எரிக் கிளாப்டன், 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசினார். அதற்குப் பதிலாகக் கிளம்பியதுதான் ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம். 1978 ஏப்ரல் 30 அன்று டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் விக்டோரியா பார்க்குக்கு நடந்தார்கள். அங்கே தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ் குழுக்களோடு பாலி ஸ்டைரீனும் பாடினார். பங்க் கூட்டம் சமூகமாக மாறியது அந்த நடையில்தான், ஊக்கில் இல்லை என்பது என் கட்சி.

அவர் 2011இல் இறந்துபோனார். போன வாரம் அவர் பாட்டைப் போட்டிருந்தபோது தங்கச்சி மக வந்து, "ஏன் மாமா இந்தப் பொண்ணு இப்படிக் கத்துது?"ன்னு கேட்டா. சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வச்சேன்.