குலமுறை கிளத்தும் உரிமை: அலெக்ஸ் ஹேலியின் ‘ஏழு தலைமுறைகள்’ குறித்து

காவியத் தலைவனை அறிமுகஞ் செய்யுங்கால் அவனது குலமுறையை எடுத்துரைப்பது நம் பழைய மரபு. கம்பனின் பாலகாண்டத்தில் ‘குலமுறை கிளத்து படலம்’ என ஒரு படலமே உண்டு. இராமனின் முன்னோர் பெருமையைச் சனகனுக்கு விசுவாமித்திரன் அங்கே விரித்துரைக்கிறான். அரசகுமாரனுக்கு முன்னோர் உளர். அவர் புகழ் பாட முனிவன் உளன். செவிமடுக்க மன்னனும் உளன். சந்தையில் விலைகூறி விற்கப்பட்டவனின் குலமுறையை யார் கிளத்துவது? யார் கேட்பது?

இவ்வினாவை உலகறிய எழுப்பிய நூல், ஆபிரிக்க அமெரிக்க எழுத்தாளரான அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்ட ‘வேர்கள்’ ஆகும். தமிழில் அது ‘ஏழு தலைமுறைகள்’ என்னும் பெயரில் வந்தது. 1977 ஜனவரியில் எட்டு இரவுகள் தொடர்ந்து தொலைக்காட்சியில் நாடகமாகக் காட்டப்பட்டு, அமெரிக்காவின் பல கோடி வீடுகளுக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் புலிட்சர் சிறப்பு விருதையும் பெற்றது.

ஹேலி, டென்னசி மாநிலத்தின் ஹென்னிங் என்னும் சிற்றூரில் இளமையைக் கழித்தவர். அங்கே வீட்டு விறாந்தையிற் பாட்டியும் உறவுப் பெண்டிரும் பேசிய பழங்கதைகளில் ‘ஆபிரிக்கன்’ ஒருவன் வந்துகொண்டேயிருந்தான். அவன் நரம்புக் கருவியைக் ‘கோ’ என்றான். ஆற்றைக் ‘கம்பி பொலொங்கோ’ என்றான். முரசு செய்ய மரம் வெட்டப்போன இடத்திற் பிடிபட்டான். இச்சில சொற்களே குடும்பத்தின் முதுசம். அவற்றைப் பற்றிக்கொண்டு ஹேலி கம்பியா நாட்டின் ஜுபுரே கிராமம்வரை சென்றார். அங்கே முதியவர் ஒருவர் கிந்தே குடும்பத்தின் வரலாற்றை ஒப்புவித்தார். 1767இல் ‘லோர்ட் லிகோனியர்’ என்னும் கப்பல் கம்பியாவில் 140 அடிமைகளை ஏற்றி, அனாபொலிஸ் துறையில் 98 பேரையே உயிருடன் இறக்கியதை ஹேலி ஆவணங்களிற் கண்டார். அக்கப்பலில் வந்த குந்தா கிந்தேயே தம் மூதாதை என முடிவு செய்தார்.

இம்முடிவு ஏன் ஒரு தேசத்தையே உலுக்கிற்று என்பதை அறியக் கொடிவழி ஆராய்ச்சிக்கு அமெரிக்காவிலிருந்த இடத்தை நோக்க வேண்டும். 1620இல் ‘மேபிளவர்’ கப்பலில் வந்தோர் 102 பேர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முதற் குளிர்காலத்திலேயே மாண்டனர். எஞ்சிய அவ் எளிய குடியேறிகளின் வழித்தோன்றலாயிருத்தல், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உயர்குடிப் பட்டயமாக மாறியது. ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ சங்கம் 1890இலும், மேபிளவர் வழித்தோன்றல்களின் பொதுச்சங்கம் 1897இலும் அமைக்கப்பட்டன. தென் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் உழைப்பாளர் இலட்சக்கணக்கில் வந்திறங்கிய காலம் அதுவே என்பது கருதத்தக்கது. முன்னர் வந்தவர் பின்னர் வந்தவரைத் தள்ளிவைக்கும் வேலியாகவும் கொடிவழி பயன்பட்டது. கறுப்பினத்தாருக்கெதிராக அவ்வேலி இன்னும் உயர்ந்து நின்றது. மரியன் அன்டர்சன் என்னும் பெரும் பாடகிக்கு 1939இல் தமது மண்டபத்திற் பாட இடமளிக்க அப்புதல்வியர் மறுத்தனர்.

அடிமைகளுக்குக் கொடிவழி இல்லாமற் போனது தற்செயலன்று. அது சட்டத்தின் செயல். தாயின் நிலையையே பிள்ளை பெறும் என வேர்ஜீனியாக் குடியேற்றம் 1662இல் விதித்தது. ஆங்கிலேய வழக்கிலோ பிள்ளையின் நிலை தந்தைவழிப்பட்டது. அடிமைப் பெண்ணின் பிள்ளைக்காக அவ்வழக்கு தலைகீழாக்கப்பட்டது. இதனால், பண்ணையாளன் தன் அடிமையிடம் பெற்ற பிள்ளை அவனுக்கு வாரிசாகாது. அவன் சொத்தில் ஓர் உருப்படியாகக் கூடும். 1850, 1860ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணைகள் இருந்தன. அவற்றில் உடைமையாளனின் பெயர் உண்டு; அடிமைக்கோ பெரும்பாலும் வயது, பால், நிறம் ஆகியன மட்டுமே உண்டு. 1860இல் இவ்வாறு பெயரின்றி எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். அவர்கள் பெயருடன் எண்ணப்பட்டது 1870இலேயே. அதற்கு முந்திய காலத்தைத் தேடும் பேரன், தன் பாட்டனை உடைமையாக வைத்திருந்தவனின் உயிலையும் விற்பனைச் சாசனத்தையுமே புரட்ட வேண்டும். நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது என்பர். ரிஷிக்குச் சலுகையாக இருப்பது அடிமைக்குத் தண்டனையாயிற்று.

இத்தண்டனையை மீறிய வகையில் ஹேலியின் முயற்சி போற்றத்தக்கது. ஆயின், நூலின் சான்றுகள் விரைவிலேயே ஆட்டங்கண்டன. ஜுபுரே முதியவர் மரபுவழிப் பயிற்சிபெற்ற கதைசொல்லி அல்லர் என்பது 1977இல் வெளியாயிற்று. ஹரோல்ட் கூர்லண்டரின் ‘ஆபிரிக்கன்’ என்னும் 1967ஆம் ஆண்டு நாவலின் பகுதிகள் நூலிற் கலந்திருந்தமையை ஒப்புக்கொண்டு, 1978இல் 650,000 டொலர் செலுத்தி ஹேலி வழக்கைத் தீர்த்தார். 1981இல் கொடிவழி ஆய்வாளரான மில்ஸ் தம்பதியர் வேர்ஜீனிய ஆவணங்களை மீளாய்ந்தனர். குந்தா கிந்தேக்கு எசமானர் இட்ட பெயராக ஹேலி காட்டிய ‘டோபி’, கப்பல் வந்த 1767க்கு முன்னரே வாலர் குடும்பத்தின் உடைமையாயிருந்தான் என்று அவர்கள் காட்டினர்.

கலை உண்மை வேறு, ஆவண உண்மை வேறு. எனவே இப்பிழைகள் பொருட்டல்ல என்று சமாதானம் கூறுவாருண்டு. இதனை ஏற்பதற்கில்லை. நாவலென்று கூறியிருந்தால் வாதம் செல்லும். ஹேலியோ, ஆவணங் கண்டு நிறுவிய தம் குடும்ப வரலாறு என்றே கூறினார். ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று எழுதுபவனுக்குச் சான்றிற் கவனம் இருமடங்கு வேண்டும். அவனது ஒரு பிழையைக் காட்டி, அடிமை முறையின் கொடுமை முழுவதையுமே கட்டுக்கதையென ஒதுக்கப் பகைவர் காத்திருப்பர்.

பிழையின் வேர் இன்னும் ஆழமானது. ஹேலிக்கும் குந்தாவுக்கும் இடையே ஆறு படிகள். அந்தப் படியில் ஒருவருக்கு முன்னோர் 64 பேர். அவருள் சுதந்திரனாய்ப் பிறந்த, குலப்பெருமை வாய்ந்த ஓர் ஆண்மகனே ஹேலிக்கு வேராகத் தோன்றினான். அடுத்த படியில் கிஸ்ஸியைப் பலாத்காரஞ் செய்த வெள்ளை எசமானனும் அவ்விரத்தத்தின் முன்னோனே. ஆனால் வேர் என அவன் பெயர் சொல்லப்படவில்லை. ஜுபுரே அன்று ஆங்கிலேயர் வணிகக் கோட்டைக்கு அண்மையில் இருந்த ஊர். தம் மக்களுக்கும் ஓர் ஏதேன் தோட்டம் வேண்டும் என்று கருதிய ஹேலி, அதனைப் பெரும்பாலும் மாசற்ற கிராமமாகவே தீட்டினார். அடிமை வணிகம் அவ்வூர் மாந்தரின் உறவுகளை எவ்வாறு அரித்தது என்னும் வரலாற்று வினா இதனால் மங்கிப்போயிற்று. மேபிளவர்ப் பெருமையை எதிர்க்கப் புறப்பட்டவர், அதே அச்சில் இன்னொரு பெருமையை வார்த்தார்.

மாற்றுவழி இல்லாமலில்லை. ஜனாதிபதி தொமஸ் ஜெபர்சனே தம் தந்தையென, அவருடைய அடிமை சாலி ஹெமிங்ஸின் மகன் மடிசன் 1873இல் ஒஹாயோப் பத்திரிகையொன்றிற் கூறினார். வரலாற்றறிஞர் பெரும்பாலோர் அதனை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் புறக்கணித்தனர். எசமானரின் சொல்லை நம்பி அடிமையின் சொல்லைத் தள்ளிய அவர்களது தருக்கத்தை அனெற் கோர்டன்-ரீட் 1997இல் வரிவரியாக ஆய்ந்து உடைத்தார். 1998இல் மரபணுச் சோதனையும் மடிசனின் கூற்றுக்கு வலுச்சேர்த்தது. அப்படியிருந்தும், ஜெபர்சன் குடும்ப மயானத்தை நிருவகிக்கும் சங்கம் 2002இல் ஹெமிங்ஸ் வழித்தோன்றல்களை உறுப்பினராக ஏற்க மறுத்தது. கோர்டன்-ரீட் ஓர் ஏதேனையும் படைக்கவில்லை. எசமானனின் ஏட்டையே அவனுக்கெதிரான சாட்சியாக நிறுத்தினார்.

எனினும் ‘ஏழு தலைமுறைகள்’ நூலில் எந்த ஆய்வாளரும் அசைக்கவியலாத பகுதியொன்றுண்டு. விலைபோன இடமெல்லாம், பொருள் முற்றும் விளங்காத சில சொற்களைப் பிள்ளைகள் காதில் ஓதிவைத்த பெண்களின் கதையே அது. குந்தாவின் கப்பல் எதுவாயினும், ஹென்னிங் விறாந்தையின் நினைவு மெய். குலமுறை கிளத்திய முனிவர் அப்பெண்களே. மாணவர் கையில் இந்நூலைக் கொடுக்கும் ஆசிரியர், 1981இன் திருத்தங்களையும் உடன் கூறட்டும். அட்டவணையிற் பெயரற்றிருந்த அந்த 40 இலட்சம் பேரையும் கூறட்டும். இரண்டையும் ஒருங்கே அறிந்த மாணவன், ‘மெய்யா, பொய்யா’ என்று கேட்பதோடு நிற்கமாட்டான். ஏட்டில் யாருடைய பெயர் இல்லை, அதை எழுதியவன் யார் என்றும் கேட்பான்.