சுசுகியின் எடைக் கணக்கு

திருநெல்வேலியில் கார் வாங்கப் போகிறவருக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. "மாருதியே எடும் வே. எந்த ஊர்ல நின்னாலும் பார்க்க ஆள் உண்டு" என்பார் ஒரு அண்ணாச்சி. "அந்தத் தகரத்துக்கு இம்புட்டு துட்டா? ஒரு லாரி லேசா உரசுனா என்ன மிஞ்சும்?" என்பார் பக்கத்தில் நிற்பவர். நாற்பது ஆண்டுகளாக இந்த வழக்கு முடியவில்லை. முடியாததற்குக் காரணம், இருவர் சொல்வதும் உண்மை என்பதுதான். அண்ணாச்சி மெச்சும் குணத்துக்கும் மற்றவர் அஞ்சும் குறைக்கும் வேர் ஒன்றே. எதையும் இலேசாக, சிக்கனமாக, தேவைக்கு மேல் ஒரு துளியும் சேர்க்காமல் செய்வது என்ற ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் பழைய முடிவு அது.

சுசுகி கார் கம்பெனியாகப் பிறந்ததல்ல. 1909இல் ஹமமாட்சு என்ற ஊரில் மிச்சியோ சுசுகி தொடங்கியது நெசவுத் தறி செய்யும் பட்டறை. பாபநாசம் அருவியின் விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை ஓடத் தொடங்கிச் சில பத்தாண்டுகள்தான் ஆகியிருந்த காலம். போருக்குப் பின் ஜப்பானில் பருத்தித் தொழில் நொடித்தபோது, தறிக்காரர்கள் சைக்கிளில் பொருத்தும் சின்ன இன்ஜினுக்கு மாறினார்கள். 1955இல் சுசுலைட் என்ற 360 சிசி கார் வந்தது. சின்னக் காருக்கு ஜப்பான் அரசு வரிச் சலுகை தந்தது. நீளம், அகலம், இன்ஜின் எல்லாவற்றுக்கும் உச்சவரம்பும் வைத்தது. அந்த வரம்புக்குள் எதைக் குறைத்தால் பிழைக்கலாம் என்பதே சுசுகி கற்ற பாடம். சிறிது, குறைவு, இலேசு, குட்டை, அழகு என்று ஐந்து சொற்களில் இந்தப் பாடத்தைக் கம்பெனியின் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1978இல் தலைமைக்கு வந்து 2024 டிசம்பரில் 94 வயதில் மறைந்த ஒசாமு சுசுகி, குளிர்சாதனச் செலவு மிச்சமாகட்டும் என்று தொழிற்சாலைக் கூரையின் உயரத்தைக் குறைக்கச் சொன்னவர். கூரையையே விட்டுவைக்காதவர் கதவுத் தகட்டை விட்டுவைப்பாரா?

நம்மூர்க்காரர்கள் முதலில் அறிந்த சுசுகி, கார் அல்ல, பைக். அதிலும் ஒரு நெல்லைத் தொடர்பு உண்டு. டிவிஎஸ் குழுமத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் பிறந்தது திருக்குறுங்குடியில். அந்தக் குழுமம் 1982இல் சுசுகியோடு கைகோத்தது. 1984இல் இண்ட்-சுசுகி பைக் ஓசூரிலிருந்து வந்தது. 2001இல் இரு தரப்பும் பிரிந்தன.

கார் வந்தது டெல்லி வழியாக. 1981இல் அரசு நிறுவனமாகப் பதிவான மாருதி உத்யோக், 1982 அக்டோபரில் சுசுகியுடன் ஒப்பந்தம் போட்டது. சுசுகிக்கு அப்போது 26 சதவீதப் பங்குதான். நிறுவனத்தைக் கட்டி எழுப்பிய வி. கிருஷ்ணமூர்த்தி தஞ்சை மண்ணில் பிறந்தவர், பெல் நிறுவனத்தை நடத்திப் பெயர் பெற்றவர். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 வெளியே வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். எடை அம்பாசடரின் எடையில் பாதிக்குச் சற்று மேல்.

இந்த எடைதான் எல்லாவற்றையும் மாற்றியது. எடை குறைந்தால் சின்ன இன்ஜின் போதும். சின்ன இன்ஜின் என்றால் பெட்ரோல் குறையும், விலை குறையும், பாகங்கள் தேய்வதும் குறையும். அம்பாசடரின் ஸ்டியரிங்கை ஒடிக்கப் புஜபலம் வேண்டும். வசதியுள்ள வீடுகளில் டிரைவர் இருந்தார். மாருதியைப் பாளையங்கோட்டைக் கல்லூரி ஆசிரியை தானே ஓட்டிப் போக முடிந்தது. டவுன் ரத வீதியைச் சுற்றியுள்ள சந்துகளிலும் கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத் தெருக்களிலும் திரும்ப முடிந்தது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சொந்தக் கார் என்பதை மிட்டா மிராசுகளின் வாசலிலிருந்து சம்பளக்காரர் வாசலுக்கு நகர்த்தியது இந்த இலேசான வண்டிதான்.

அதைவிடப் பெரிய சாதனை என்று நான் கருதுவது ஷோரூமுக்கு வெளியே நடந்தது. வள்ளியூர், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று எங்கே போனாலும் ஆல்ட்டோவின் கிளட்ச் பிளேட் மாற்றத் தெரிந்த கை ஒன்று இருக்கிறது. வண்டி எளிது, எண்ணிக்கை அதிகம், மாடல் மாறினாலும் உள்ளே இன்ஜின் சட்டென்று மாறுவதில்லை. ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்த மெக்கானிக் அதில் கைதேர்ந்தவராகிறார். மற்ற ஜப்பானிய நிறுவனங்களால் இதைச் செய்ய முடியவில்லை. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸோடு சேர்ந்து மிட்சுபிஷி தந்த லான்சர், ஓட்டுவதற்கு மாருதியைவிட எவ்வளவோ மேல். ஆனால் பாகம் தேடி அலுத்தே அதை விற்றவர்கள் உண்டு. நிசான் 2010இல் ஒரகடத்தில் கார் செய்யத் தொடங்கியது, அதாவது நம் மாநிலத்திலேயே. ஆனாலும் அது 2014இல் உயிர்ப்பித்த டாட்சன் 2022இல் கடையைக் கட்டியது.

பாகம் தாராளமாகக் கிடைப்பதை நிறுவனத்தின் பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். வெளி மெக்கானிக்குகளுக்கு அசல் பாகங்களும் பழுதுபார்க்கும் கருவிகளும் தடையின்றிக் கிடைக்க விடவில்லை என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதில் மாருதியின் பங்கு 471 கோடி. டீலர்கள் தங்கள் விருப்பப்படி கூடுதல் தள்ளுபடி தருவதைத் தடுத்தது என்று 2021இல் மாருதிக்கு மட்டும் 200 கோடி. வண்ணார்பேட்டையில் கறாராகப் பேரம் பேசியும் விலை இறங்காமல் திரும்பியவர் சேல்ஸ்மேனைத் திட்டியிருப்பார். அவர் கையில் ஒன்றும் இல்லை, பாவம்.

உரிமையாளர்களின் புகார்களில் பாதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏஎம்டி கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடுகிறது என்கிறார்கள். விலை மலிவான ஆட்டோமேட்டிக் அப்படித்தான் இருக்கும். 2020இல் பிஎஸ்-6 புகை விதியோடு டீசல் இன்ஜினை நிறுத்தியதில் குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. நியாயம்தான், ஆனால் அந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் இருந்த டீசல் இன்ஜினே ஃபியட்டுடையது. 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி பொங்கியபோது நீரில் நின்ற வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து இன்ஜினைப் பறிகொடுத்தவர்கள் கம்பெனியைக் குறை சொல்கிறார்கள். நீரை உறிஞ்சிய இன்ஜின் எந்த நாட்டுத் தயாரிப்பானாலும் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துதான் போகும். அங்கே படித்துப் பார்த்திருக்க வேண்டியது இன்சூரன்ஸ் பத்திரத்தை.

திரும்ப அழைத்தல் விஷயம் அப்படியல்ல. 2020இல் எரிபொருள் பம்ப்புக்காக வேகன்ஆர், பலேனோ வண்டிகள் 1,34,885. 2023இல் ஸ்டியரிங் பாகம் ஒன்றுக்காக எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகள் 87,599. குறையை ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தருவது நல்ல பழக்கமே. ஆனால் தகவல் போகும் விலாசம் யாருடையது? முதலில் வாங்கியவருடையது. வண்டி இரண்டு கை மாறி இட்டமொழிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆர்.சி. புத்தகத்தையே பெயர் மாற்றாமல் வைத்திருக்கும் வழக்கம் நம்மிடம் இருக்க, அந்தக் கடிதம் யாரைச் சேரும்?

இனி, தகரம் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதிப் பார்த்ததில், ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800 ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதே ஆண்டு ஸ்விஃப்ட், பூஜ்யம். 2016இல் செலேரியோ, ஈக்கோ, பூஜ்யம். 2020இல் எஸ்-பிரெஸ்ஸோ, பூஜ்யம். பூஜ்யம் வாங்கியது சுசுகி மட்டுமல்ல. டாட்சன் கோவும் ரெனோ க்விட்டும் உள்நாட்டு ஸ்கார்ப்பியோவும் வாங்கின. என்றாலும் ஸ்விஃப்ட் விஷயத்தில் சாக்கு சொல்ல முடியாது. ஐரோப்பாவில் 2010இலேயே அதே பெயருள்ள கார் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருந்தது. மானேசரில் செய்து ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றிய ஆல்ட்டோ, இங்கே ஏ-ஸ்டார் என்று விற்றதன் உடன்பிறப்பு, 2009இல் அங்கே மூன்று நட்சத்திரம் பெற்றது. ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. கேட்டவர்களுக்குச் செய்தார்கள்.

கேட்காதவர்கள் யார் என்றால், முதலில் நம் அரசு. மோதல் சோதனை இங்கே புதிய மாடல்களுக்குக் கட்டாயமானதே 2017 அக்டோபரில்தான். டிரைவர் ஏர்பேக் 2019இல், பக்கத்து இருக்கைக்கு 2021இல். இந்திய விதிகள் அனைத்தையும் எங்கள் வண்டி நிறைவேற்றுகிறது என்று நிறுவனம் ஒவ்வொரு முறையும் சொன்னது பொய்யல்ல. பொய்யாக இல்லாதது மட்டும் போதுமா என்பதுதான் பிரச்சினை. ஆறு ஏர்பேக் கட்டாயமானால் சின்னக் காரின் விலை ஏறி, ஏழைகள் பைக்கிலேயே நின்றுவிடுவார்கள் என்று 2022இல் தலைவர் ஆர்.சி. பார்கவா வாதிட்டார். நான்கு பேர் குடும்பமாக ஒரே பைக்கில் போவதைவிட ஆல்ட்டோ மேல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்த வாதம் அடுத்த படியை ஒளித்துவைக்கிறது. ஆல்ட்டோ என்ன விலைக்கு, எந்தச் சாலைக்கு?

சாலைதான் மாறிவிட்டது. மாருதி 800 வந்தபோது கன்னியாகுமரி நெடுஞ்சாலை எதிரும் புதிருமாக லாரி வரும் ஒற்றைச் சாலை. ஐம்பதைத் தாண்ட வழியில்லை. இன்று அதே தடம் நான்குவழி. மணிக்கு 100 கிலோமீட்டரில் மோதினால், 50இல் மோதுவதைவிட உள்ளிருப்பவர் மீது இறங்கும் ஆற்றல் நான்கு மடங்கு. வேகம் இரட்டித்தது, தகடு அதற்கேற்பப் பலப்படவில்லை. ஆனி, ஆடியில் காவல்கிணறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். கணவாய்க் காற்று உயரமான, இலேசான வேகன்ஆரைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆம்னியைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. 1984இல் வந்து 2019இல் நின்ற அந்த வேன் நம் பக்கத்தில் பள்ளிக்கூட வண்டி, காய்கறி வண்டி, ஆம்புலன்ஸ், கல்யாண வண்டி எல்லாமுமாக இருந்தது. டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடு, அதற்கப்பால் சாலை. நசுங்கிக் கொடுக்க மூக்கே கிடையாது. எட்டுப் பேருக்கான இடத்தில் பதினைந்து பிள்ளைகளை ஏற்றியது நாம். அப்படி ஏற்றத் தோதான வண்டியை 35 ஆண்டுகள் அமைப்பு மாறாமல் விற்றது அவர்கள்.

நிறுவனம் அசையவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 2018இல் பிரெஸ்ஸா நான்கு நட்சத்திரமும், 2024 நவம்பரில் புதிய டிசையர் ஐந்தும் வாங்கின. 2025இல் ஆல்ட்டோ கே10க்கும் ஈக்கோவுக்கும்கூட ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. 2022இல் கட்டாது என்றது மூன்றே ஆண்டில் எப்படிக் கட்டிற்று? போட்டி நிறுவனங்கள் நட்சத்திரத்தை விளம்பரமாக்கி, வாங்குகிறவர்களும் மைலேஜோடு அதையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கியதால்தான்.

ஆனால் தாமிரபரணிக் கரைக் கிராமங்களில் கார் புதிதாக வந்து இறங்குவது குறைவு. நகரத்தில் பத்தாண்டு ஓடிய 2014 ஸ்விஃப்டும் 2016 ஈக்கோவும்தான் இப்போது முதல் காராக அங்கே போகின்றன. பழைய வண்டி விற்க மாருதிக்கே ட்ரூ வேல்யூ என்று சொந்தக் கடை இருக்கிறது. எத்தனை சோதனை செய்தோம், எவ்வளவு ஓடியிருக்கிறது, எத்தனை உரிமையாளர் என்றெல்லாம் அங்கே சொல்கிறார்கள். அந்த மாடல் மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் வாங்கியது, திரும்ப அழைத்த வேலை இந்த வண்டியில் முடிந்ததா என்ற இரண்டு விவரங்களையும் அதே தாளில் அச்சடிக்கப் புது இன்ஜின் எதுவும் தேவையில்லை. எடையும் கூடாது.